பதினொரு முதலாளிகளும் ஒரு கூலியும்

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று என்னிடம் சொன்ன முதலாளிகளை வரிசையில் நிற்க வைத்தால் ஒரு பஸ் ஸ்டாப் நிறையும். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். முதலில் ஒரு துணி ஃபாக்டரி. அங்கே சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுத்தது ஊதுவத்திக் கம்பெனி. அங்கே என்னிடம் நேரில் சொல்லக்கூட ஆள் இல்லை, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியாக ஒரு டாக்டரம்மா வீடு. அந்தம்மா நான் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து சொன்னார். அந்த நாகரிகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த வாக்கியத்தை என்னிடம் சொல்வதற்கு எவனுக்கும் உரிமை இல்லாத ஓர் இடத்தில் வேலை செய்ய வேண்டும். சம்பளம் முன்னே பின்னே இருக்கட்டும். அப்படிப்பட்ட இடம் உலகத்தில் கிடையாது என்பீர்கள். இருந்தது. மைசூர் பன்னிமண்டப மைதானத்துக்குப் பின்னால் ஒரு லாண்டரி. அதன் முதலாளிகளில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

முதலாளிகளில் ஒருவர் என்றால் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அங்கே பாய்லருக்குத் தீ போடுகிறவர். ஹோட்டல்களின் பெட்ஷீட், டவல், தலையணை உறை எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக எடுத்து வந்து வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற லாண்டரி அது. பழைய முதலாளி மகனோடு இருக்க வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளப் பாக்கிக்குப் பதிலாக மிஷின்களையும் கட்டடத்தின் வாடகைச் சீட்டையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார். பதினொரு பேர். ஒரே ராத்திரியில் பதினொரு பேரும் முதலாளி ஆகிவிட்டார்கள். தங்களுக்கு மேலே யாரும் இல்லை என்று தெரிந்ததும் முதல் காரியமாக என்ன செய்தார்கள் தெரியுமா? மறுநாள் எப்போதும் வருகிற நேரத்துக்கு முன்பே வந்து, கேட்டுக்கு வெளியே, யாராவது திறப்பார்கள் என்று நின்றார்கள். சாவி அவர்களில் ஒருவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆரம்பத்தில் கை தூக்கிப் பெரும்பான்மைப்படி முடிவெடுத்தார்கள். கஞ்சி கெட்டியாகப் போடுவதா, நீர்க்கப் போடுவதா என்பதில் ஆறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் ஒரு பக்கம். தோற்ற ஐந்து பேர் கோபத்தில் கஞ்சிப் பக்கமே போகவில்லை. ஆகவே சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். சின்னதோ பெரியதோ, எந்தக் காரியமாக இருந்தாலும் பதினொரு கையும் மேலே போக வேண்டும். ஒரு கை போகாவிட்டாலும் காரியம் இல்லை, இருப்பது இருந்தபடி இருக்கும். இந்தச் சட்டத்துக்கு மட்டும் பதினொரு கையும் சந்தோஷமாகப் போனதாம்.

வாடிக்கையாளர்களுக்குத்தான் இது விளங்கவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் மேனேஜர் போன் செய்து, தலையணை உறையில் கறை இருக்கிறது, ஓனரிடம் கொடு என்றார். போனை எடுத்த டெலிவரி ஆட்டோக்காரர், "நான்தான் ஓனர், சொல்லுங்க" என்றார். நேற்று வேறு குரலாக இருந்ததே என்றார் மேனேஜர். "அவரும் ஓனர்தாங்க." விளையாடுகிறாயா என்று கத்திவிட்டு அந்த மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்று, "ஓனர் யாரப்பா, வெளியே வரச் சொல்லு" என்றார். பதினொரு பேரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையில் இஸ்திரிப் பெட்டி, என் வீட்டுக்காரர் கையில் பாய்லர் கிளறும் கம்பி. மேனேஜர் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கறை அப்படி ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகுதான் சட்டை வந்தது. யாரும் கேட்டு வராமல் கிடந்த துணிகளில் ஒரு நல்ல வெள்ளைச் சட்டை இருந்தது. வாரத்துக்கு ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார வேண்டும், வெளி ஆட்களுக்கு அவர்தான் அந்த வார முதலாளி என்று ஏற்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அந்தச் சட்டைக்குள் போனால் மனுஷன் மாறிவிடுகிறான். சாதுவான ஆட்டோக்காரர் சட்டை போட்ட வாரம், மேசையில் விரலால் தட்டித்தான் காப்பி கேட்டார். மூத்த இஸ்திரிக்காரர், அறுபதைத் தொட்டவர், சட்டை போட்டதும் பழைய முதலாளி மாதிரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாம் கழுதைங்க" என்றார். எல்லோரும் பயந்து வேலை செய்தார்கள். கேவலம், அந்த வாரம்தான் வேலையும் நன்றாக நடந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் சட்டை பற்றாது. வயிற்றுப் பக்கம் பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, அதனால் யாரையும் திட்டவும் முடியாது. வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்லர் பக்கமே நின்றுவிட்டுச் சட்டையைக் கரியாகத் திருப்பிக் கொடுத்தார்.

முதலாளிச் சட்டையை யார் துவைப்பது? அதற்குத்தான் நான்.

தசரா வந்தால் மைசூரில் ஒரு ஹோட்டலிலும் கட்டில் காலி இருக்காது. மூட்டைகள் கூரையைத் தொட்டன. பதினொரு பேரால் ஆகாது என்று சீசனுக்கு ஒரு கூலி ஆள் வைக்க முடிவாயிற்று, பதினொரு கையும் எழுந்தது, நான் போனேன். பெட்ஷீட் மடிப்பதும் டவல் பிரிப்பதும் என் வேலை. போன சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது, நான் ஆசைப்பட்ட இடம் இதுதான். மூத்த இஸ்திரிக்காரர் மணிக்கட்டை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தபோது அவர் பங்கு வீடு தேடிப் போனது. ஒரு துண்டு சோப்புகூடக் காணாமல் போனதில்லை. தன் சோப்பைத் தானே எவன் திருடுவான்? காய்ச்சல் என்றால் போய்ப் படு என்பார்கள். "வர வேண்டாம்" என்று யாரிடமும் யாராலும் சொல்ல முடியாது. அதாவது அந்தப் பதினொரு பேரிடம். என்னிடம் சொல்லலாம்.

சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சனிக்கிழமை கேட்டேவிட்டேன். நான் அடக்க ஒடுக்கமாகக் கேட்கிற ஜாதி இல்லை. பாதி மடித்த பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

கணக்கு பார்க்கிற அக்கா, பதினொரு பேரில் ஒருத்தி, மைசூரிலேயே பிறந்த தமிழ்க்காரி. அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம் முன்னால் வரும். அன்றைக்குக் கோபம் இல்லை, பயம், அதற்கும் கன்னடம்தான் வந்தது. "நோடு அக்கா, பாரு, பானை அதே பானை. தட்டு ஒண்ணு கூடுது. சீசன்ல பரவால்ல. மழை மாசத்துல யார் தட்டுல இருந்து எடுத்து உனக்குப் போடறது?" என்றாள். நியாயமான பேச்சு, எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மடிக்கிற வேகத்தில் பானையும் கொஞ்சம் பெரிதாகும் என்றேன். அவள் யோசித்தாள், கை தூக்கினாள்.

மற்றவர்களின் கவலைகள் இவ்வளவு ஆழமானவை அல்ல. ஆட்டோக்காரருக்கு டீ கிளாஸ் பதினொன்றுதான் இருக்கிறது என்பது பிரச்சினை. வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவருகிறேன் என்றேன். மூத்த இஸ்திரிக்காரருக்கு, பன்னிரண்டாவது ஆள் வந்தால் தனக்குச் சட்டை முறை ஒரு வாரம் தள்ளிப்போகும் என்ற வருத்தம். "எனக்கு அந்தச் சட்டையே வேண்டாம் சாமி, என்ற முறையையும் நீங்களே போட்டுக்கங்க" என்றேன். அவர் ரெண்டு கையையும் தூக்கினார். ஒரு கை போதும் என்று கணக்கு அக்கா இறக்கிவிட்டாள்.

ஒவ்வொன்றாகப் பத்துக் கைகள் மேலே போயின. பதினொன்றாவது ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர்.

"யாக்கே சார், ஏன், கை வலியா?" என்றாள் கணக்கு அக்கா.

"கை நல்லாத்தான் இருக்குதுங்க. தூக்கறதா இல்ல" என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஊர் பேர் தெரியாத சூப்பர்வைசர் வேண்டாம் என்று சொன்னபோதுகூட அப்படி இருந்ததில்லை. பெட்ஷீட்டை அவர் மடியில் வீசிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தார்.

"ஏம்புள்ள, கத்தாம கேளு. அந்தப் பாய்லரு என்னைக்கி மல்லாந்துக்கும்னு எனக்குத்தான் தெரியும். நாஞ் சாஞ்சா நீ நிக்கோணும். ரெண்டு பேரும் இதுக்குள்ளயே இருந்தா, சாயறப்ப யாரு யாரப் புடிக்கறது? ஒருத்தராச்சும் வெளிய ஒரு மொதலாளிகிட்ட இருக்கோணும்."

"ஓஹோ. அப்ப நீங்க மட்டும் இங்க மகாராசனா இருப்பீங்க. நா ஊர் ஊராப் போயி வேண்டாம் வேண்டாம்னு கேட்டுட்டு வரோணுங்களா?"

அவர் பாய்லர் பக்கம் போய்விட்டார். அந்த மனிதர் மாட்டிக்கொண்டால் பாய்லருக்குத்தான் போவார்.

அன்று முதல் எங்கள் வீட்டிலும் லாண்டரிச் சட்டம் அமலுக்கு வந்தது. நான்தான் கொண்டுவந்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர், எந்தக் காரியத்துக்கும் இரண்டு கையும் எழ வேண்டும். "இன்னைக்கி கோழி எடுக்கலாமா?" என்று அவர் கையைத் தூக்குவார். நான் தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொள்வேன். இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும் என்பதால் முதல் நாள் வைத்த ரசமே தொடர்ந்தது. ஃபேன் போடுவதற்கும் தீர்மானம் நிறைவேறவில்லை. வேர்த்துக்கொண்டே படுத்திருந்தோம். அவரும் பிடிவாதக்காரர், ஒருநாள்கூட அந்தச் சட்டத்தை மீறவில்லை. கடைசியில் ரசம் எனக்கே சலித்துப்போய், கோழிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தேன்.

தசரா முடிந்தது. மூட்டைகள் இளைத்தன. என்னை அனுப்ப வேண்டிய நேரம் வந்ததை, யாரும் என் கண்ணைப் பார்க்காததிலேயே தெரிந்துகொண்டேன். கூட்டத்தில் கணக்கு அக்கா எழுந்தாள். சீசன் ஆள் கூலியை இந்த வாரத்தோடு நிறுத்துவது என்று தீர்மானத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் வருகிறது என்று தெரிந்து, கையில் இருந்த டவலை மடித்து முடித்தேன்.

கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. பத்து. என் வீட்டுக்காரர் கை தொடைக்கு அடியில்.

"சார், என்ன இது?" என்றார் ஆட்டோக்காரர். "அன்னைக்கு உள்ள வர வேண்டாம்னீங்க. இன்னைக்கு வெளிய போகவும் வேண்டாங்கறீங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்!"

"அவளப் போச் சொல்லி என்ற கையி தூக்க வரமாட்டேங்குதுங்க. அதுக்கு நா என்ன பண்றது?"

கூட்டத்தில் ஒரே இரைச்சல். மூத்த இஸ்திரிக்காரர், சட்டத்தைப் போட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். போட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சட்டத்தை மாற்றலாம் என்றால் அதற்கும் பதினொரு கை வேண்டும். இருப்பது இருந்தபடி இருக்கும், அவ்வளவுதான். நான் முதலாளியும் ஆகவில்லை, என்னை நிறுத்தவும் முடியவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா அவர் மண்டையை உடைப்பதா என்று புரியவில்லை. நான் கேட்டது உரிமை. கிடைத்தது என் புருஷன் கையின் சோம்பேறித்தனம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். ஆனால் அன்றைக்கு ஃபேன் போட நானே முதலில் கை தூக்கினேன்.

இப்படி ஒரு விசித்திர ஜீவனாக அங்கே இருந்தேன். பதினொரு முதலாளிகள், கீழே ஒரே ஒரு தொழிலாளி. ஆளாளுக்கு வேலை சொல்வார்கள். ஒருவர் மடி என்பதை இன்னொருவர் பிரி என்பார்.

அதற்குள் ரிங் ரோட்டுப் பக்கம் ஒருவர் புதிதாகப் பெரிய லாண்டரி திறந்தார். அவர் ஒற்றை ஆள். காலையில் நினைத்தார் என்றால் சாயங்காலம் புது மிஷின் வந்து இறங்கும். இங்கே ஒரு புது மிஷின் வாங்குவதைப் பற்றி சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பேசினார்கள். இளசுகள் எல்லாம் வாங்கலாம் என்றன. மூத்த இஸ்திரிக்காரர் முடியாது என்றார். "நான் இன்னும் ரெண்டு வருசம் நிப்பேனா? நான் போன பொறவு சுத்தற மிஷினுக்கு, நான் எதுக்கு இப்பவே வயித்தக் கட்டணும்?" அவர் சொன்னதிலும் தப்பில்லை. போகும்போது மிஷினில் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டா போக முடியும்? பேசிக்கொண்டே இருக்கையில் இரண்டு ஹோட்டல்கள் ரிங் ரோட்டுக்குப் போய்விட்டன. விலையைக் குறைத்து அவர்களைத் திருப்பிக் கூப்பிடலாம் என்று பதினொரு கையும் ஒருவழியாக எழுந்தபோது, ஹோட்டல்காரர்கள் இங்கே ஒரு லாண்டரி இருந்ததையே மறந்திருந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. ஊரில் சுற்றுலாக்காரர்கள் இல்லை. ரிங் ரோட்டுக்காரர் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார், போனிலேயே சொல்லிவிட்டாராம். நிறுத்தப்பட்டவர்களில் ஒரு பெண் என்னோடு துணி ஃபாக்டரியில் இருந்தவள். பஸ்ஸில் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இங்கே ஒருவரையும் நிறுத்தவில்லை. இருக்கிற கொஞ்சம் பெட்ஷீட்டைப் பதினொரு பேரும் பங்கு போட்டு மெதுவாக வெளுத்தார்கள். ஒரு டவலை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடித்தார்கள். அந்த மாதம் மைசூரில் வெளுத்த துணிகளிலேயே வெள்ளையானவை அவைதான். பங்கு என்று எவருக்கும் ஒன்றும் தேறவில்லை. ஆனால் கூலி கூலிதானே. முதலில் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் மிச்சம் பங்குக்குப் போகும், மிச்சம் இல்லை. பதினொரு முதலாளிகள் வெறுங்கையோடு நிற்க, நான் ஒருத்திதான் அந்த லாண்டரியில் சம்பளம் வாங்கினேன். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. என் வீட்டுக்காரர் போட்ட கணக்கு சரியாகப் போயிற்று. அதை அவர் வாயால் சொல்லிக் காட்டியிருந்தால் கொன்றிருப்பேன். சாப்பிடும்போது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு அசட்டுச் சிரிப்பு. கணக்கு அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, உனக்குக் கூலி கொடுக்க ஆகல்ல. நீயும் ஓனர் ஆயிடு" என்றாள்.

அடிப்பாவிகளா! பானை நிறைந்திருந்தபோது தட்டு அதிகம் என்றீர்கள், பானை காலியானதும் இலை போட்டுக் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. வெட்கமே இல்லாமல் கைகளைத் தூக்கினார்கள். பத்துக் கைகள். நான் பதினொன்றாவது ஆளைப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே தெரியும் என்று நினைத்தேன். "பதினொண்ணு" என்றாள் கணக்கு அக்கா.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் கை மேலே இருந்தது. கரி படிந்த கை.

"ஏனுங்க, இப்ப எதுக்குத் தூக்கறீங்க?" என்றேன். "சாஞ்சா புடிக்கறதுக்கு வெளிய ஒரு ஆள் வேணும்னீங்களே. இப்பத்தானே சாயுது."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பாய்லர் பக்கம் போக அவருக்கு வழி இல்லை, நான் வழியில் நின்றேன்.

"தனியா சாயறதுக்கு பயமா இருக்குது புள்ள" என்றார். "வேற ஒண்ணும் இல்ல."

அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். இத்தனை வருஷத்தில் எந்த முதலாளி முன்னாலும் அழாதவள், பதினொரு முதலாளிகள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நன்றாக யோசித்தால் ஒரு மடச்சிகூட அந்த நேரத்தில் சரி என்று சொல்ல மாட்டாள். வருகிற கூலியை விட்டுவிட்டு வராத பங்குக்குப் போகிற காரியம். "நீ என்ன சொல்றே அக்கா?" என்று கணக்கு அக்கா கேட்டாள். என் கையும் மேலே போனது.

ஆட்டோக்காரர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு வாடை அடித்தது.

"இஸ்திரிப் பெட்டிய அணைச்சது யாரு?" என்று கேட்டேன்.

பதினொரு முதலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அணைத்திருப்பார் என்று இவர், இவர் அணைத்திருப்பார் என்று அவர். பிறகு எல்லோரும் சேர்ந்து எழுந்து, கதவில் இடித்துக்கொண்டு, உள்ளே ஓடினோம். மிச்சமிருந்த ஒரே பெரிய ஹோட்டலின் பெட்ஷீட், நட்டநடுவில் பெட்டியின் அச்சோடு கருகிப் போயிருந்தது. மூத்த இஸ்திரிக்காரர் தலையில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கினார். நான் அந்தத் துணியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஹோட்டலுக்கு அழ வேண்டிய காசில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்னுடையது.